பத்து லட்சம் வருடத்துக்கு ஒருமுறை

அணு உலையில் ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய விபத்து, அதைக் கணக்குப் போட்டவளின் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை வந்தது. வால்வு மூடாமல் சிக்கிக்கொள்ளும் என்று எழுதினால் சமையலறைக் குழாய் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உலையிலேயே ஷிஃப்ட் பார்க்கும் கணவர் முணுமுணுத்துக்கொண்டே தரையைத் துடைப்பார். இப்படியே எட்டு வருடம் ஓடியது. தேதிகள் பிசகவில்லை, அக்கம்பக்கத்தாரும் பழகிவிட்டார்கள்.

வெளி மின்சாரம் போனால் உலையைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு டீசல் இன்ஜின்களும் சேர்ந்து படுத்துக்கொள்வது பத்து லட்சம் வருடத்துக்கு ஒருமுறை என்று அவள் எழுதியிருந்தாள். அது வீட்டுக்கு வர ஆயிரம் வருடம் ஆக வேண்டும். ஆனால் ஒன்பதாம் வருடம் மூன்று முறை வந்தது. வெயில் கொளுத்தும்போதே வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியது, விளக்கு அணைந்தது, அணைத்த அடுப்பில் சட்டி தானாகக் கொதித்து வற்றி அடி உருகியது. நிறுத்திய உலையும் அப்படித்தான், சூடு அடங்காது. மூன்றாவது சட்டியோடு அவள் வரைபடத்தை விரித்தாள். இரண்டு இன்ஜினும் ஒரே நிலவறையில் இருந்தன. அவளோ முன்பின் தெரியாத இருவரைப்போல் அவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பெருக்கியிருந்தாள். வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

“எட்டு வருஷமா நீங்கதானேம்மா கையெழுத்து போட்டீங்க?” என்றார் உலையின் இயக்குநர்.

“ஆமா சார், தப்பு என்னோடதுதான். வெள்ளம் வந்தா ரெண்டும் சேர்ந்து போயிடும். என் வீட்டுக்காரர் உள்ளதான் நிக்கிறார். ஒரு இன்ஜினை மேல ஏத்துங்க.”

சட்டிகளை மேசையில் வைத்தாள். அவர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். உலை ஐந்து மாதம் நின்றது. மின்சாரம் போனபோதெல்லாம் ஊர் அவளைக் கரித்துக் கொட்டியது.

நான்கு வருடம் கழித்து, ஒரு நண்பகலில் உலையருகே ஓடும் ஆறு கரைபுரண்டு மின்சாரம் போனது, நிலவறை நிரம்பியது. கீழ் இன்ஜின் மூழ்கியது. மேலே இருந்தது இரண்டு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. மாலைவரை வாசலிலேயே நின்றவள், கணவரின் தலை தெரிந்ததும் ஓடினாள்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அதை எழுதித் தரச்சொல்லி மூணு பக்க ஃபாரம் குடுத்திருக்காங்க.”

தெருவென்றும் பாராமல் அவர் சட்டையில் முகம் புதைத்து அழுதாள். மகிழ்ச்சிதான், வேறொன்றுமில்லை. பிறகு முகம் கழுவிவிட்டு நிலநடுக்கம் பற்றிய பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். அவர் அலமாரியிலிருந்த கண்ணாடித் தம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தார்.