நெரியுஸுக்கு இன்னொரு சீசன்

ஜூன் மாதம் எங்கள் ஊரில் கூடைப்பந்து கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பந்துதான் கிடையாது. பேச்சு இரண்டு மடங்கு. ரொட்டிக் கடையில், பஸ் நிறுத்தத்தில், பூசை முடிந்து தேவாலய வாசலில், எங்கே போனாலும் இந்த வருஷம் ஒரே கேள்வி: நெரியுஸைக் கிளப் மறுபடியும் எடுக்குமா, எடுக்காதா? நெரியுஸ் என் புருஷன். அதனால் யார் கேட்டாலும் கேள்வி கடைசியில் என் தலையில்தான் வந்து விழும்.

கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனைத் தலைவர் ரெமிகியுஸ் ஜூனில் கூப்பிடுவார். மர அறுவை மில் முதலாளி. சுற்றி வளைத்துப் பேசத்தான் பிடிக்கும். "ஆபீசுக்கு வா, காபி குடிக்கலாம்" என்றால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். "சனிக்கிழமை ஏரிக்கரைக்கு வா, நீராவிக் குளியல் போடலாம்" என்றால் அடுத்த சீசனும் நீ இருக்கிறாய். இது எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் புருஷன் போனை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ட்ராபெர்ரி பறித்தான். கழிவறைக்கும் எடுத்துப் போனான். மணி அடித்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பான், பிறகுதான் போனை.

"கூப்பிட்டா கூப்பிடட்டும், இல்லைன்னா போகட்டும். எனக்கென்ன?"

"ஆமா, உனக்கென்ன. நகத்தைக் கடிக்கிறதை நிறுத்திட்டு அதைச் சொல்லு."

அவனுக்கு முப்பத்து நாலு வயது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் ஆடி, இந்த ஊர்ச் சட்டையைத் தவிர வேறெதையும் போடாதவன். தெரிந்தது ஒரே வேலை. மூலையில் போய் நிற்பான். பந்து வந்தால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தே வளையத்துக்குள் போடுவான். ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். தடுக்கச் சொன்னால் எதிராளிக்கு வழி விட்டு நிற்பான். கோச் எட்முண்டாஸே எல்லாரும் கேட்கச் சொல்லுவார்: "நெரியுஸால ஒரு நாற்காலியைக்கூட மறிக்க முடியாது. ஆனா அவன் மூலையில நின்னான்னா, அவனைக் காவல் காக்கிறவன் அங்கேருந்து ஓரடி நகர முடியாது. மத்த நாலு பேருக்கும் இடம் கிடைக்குதே, அது போதும் எனக்கு."

போதாததற்கு இந்த வருஷம் அவன் எறிகிற கணக்கு வாழ்க்கையிலேயே உச்சம். எறிந்ததில் பாதிக்குப் பாதி உள்ளே. ஆனால் கிளப்பிடம் இருப்பது ஒரே ஓர் இடம். அந்த இடத்துக்குப் பக்கத்து நாட்டு ரீகாவிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனும் தயாராக இருந்தான். நன்றாக ஓடுவான், பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு தடுப்பான், எறிவது மட்டும் சுமார்.

ஊர் மொத்தமும் நெரியுஸ் பக்கம். எனக்கு மட்டும் வேறொரு சங்கடம்.

மே மாதம் கவுனாஸ் அணியோடு காலிறுதி. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம், கடைசி நொடிகள். பந்து மூலைக்கு வந்தது. நெரியுஸ் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அரங்கமே எழுந்து நின்றது. அவன் எறியவில்லை. உள்ளே மூன்று பேர் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த எங்கள் அணி நெட்டையனுக்குத் தள்ளிவிட்டான். நெட்டையன் தவறவிட்டான். அன்றைக்கு நெட்டையன் வாங்காத வசவில்லை. நெரியுஸுக்கோ பாராட்டு: என்ன மனசு, தனக்குப் பேர் வேணும்னு நினைக்கலை பாருங்க!

நான் ஆட்டத்தில் பந்தைப் பார்க்கிறவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனைத்தான் பார்ப்பேன். பந்து தன்னை நோக்கி வந்தபோது, வேண்டாத விருந்தாளி வாசலில் நிற்பதைப் பார்த்தவன் மாதிரி இருந்தது அவன் முகம். கிறிஸ்துமஸிலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் யாராவது அகப்பட்டால் பந்தை அவனிடம் தள்ளிவிடுவான். நூற்றுக்கு நூறு நிச்சயம் என்றால்தான் எறிவான். கணக்கு உச்சத்துக்குப் போகாமல் என்ன செய்யும்? அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ரெமிகியுஸ் வந்தார். வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னால் அனுப்பினார். கடை காலியானதும் கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"கொசு மருந்து இருக்கா, அவுஷ்ரா?"

"போன வாரம்தானே வாங்கிட்டுப் போனீங்க?"

"கொசு குடிச்சிடுச்சு." சிரிக்கவில்லை. "கோச் எடுங்கறான். ஊர் எடுங்குது. எடுக்கலைன்னா வீட்டுல சூப் கிடையாதுன்னு என் பொண்டாட்டி சொல்லிட்டா. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. அன்னைக்கு அந்தக் கடைசிப் பந்தை அவன் ஏன் எறியலை?"

"அவன்கிட்டயே கேளுங்க."

"கேட்டேன். நெட்டையன் நல்ல இடத்துல நின்னானாம். நானும் அங்கேதான் இருந்தேன். என் கண்ணு இன்னும் அவிஞ்சுபோகலை."

ஆமாம், நெட்டையன் நல்ல இடத்தில்தான் நின்றான் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆறு மாதமாக ஒண்டியாகச் சுமந்தது முந்திக்கொண்டது.

"பயம்," என்றேன்.

"பயமா? அவனுக்கா? பதினாறு வருஷமா எறியறான்!"

"வெளியூர்க்காரன் தவறவிட்டா பிளேன் ஏறிப் போயிடுவான். இவன் மறுநாள் காலையில ரொட்டிக் கடைக்குப் போகணுமே."

ரெமிகியுஸ் முழங்கையைக் கவுண்டரிலிருந்து எடுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார், கொசு மருந்தையும் விட்டுவிட்டு.

அவர் போனதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்குப் போனால் அவன் வாசலிலேயே நின்று, "கடைக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்றான். "கொசு மருந்துக்கு வந்தாங்க," என்றேன். அவன் சாப்பாட்டை உழப்பிக்கொண்டே இருந்தான். இந்த வேலையும் போனால் அவனுக்கு என்ன தெரியும்? எல்லாம் என் ஒரு வார்த்தையால்.

வியாழக்கிழமை போன் வந்தது. ஏரிக்கரை. நீராவிக் குளியல்.

அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அரை மணியில் மாமியார் ஆஜர், கையில் ஒரு முழ உயர ஷகோத்திஸ் கேக். கல்யாணத்துக்கு வாங்குகிற கேக் அது. வரும் வழியிலேயே பாதித் தெருவுக்குச் செய்தி சொல்லியாகிவிட்டது.

"அடியே அவுஷ்ரா, உன் மூஞ்சி ஏன் புளிச்ச பால் மாதிரி இருக்கு? கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? பல்லு கொட்டிடுமா?"

சிரித்தேன். ரெமிகியுஸ் பெரிய மனுஷர், கேட்டதைக் காதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். கேக்கை வெட்டினேன்.

சனிக்கிழமை அவன் விசிலடித்துக்கொண்டு போனான். அங்கே போனவர்கள் விடியத்தான் வருவார்கள். இவன் வெயில் தாழுமுன்பே திரும்பி வந்துவிட்டான். கழுத்து செக்கச்செவேலென்று சிவந்திருந்தது, தலை ஈரம். மேஜையில் ஒப்பந்தத்தை வைத்தான். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது.

"முதல் சுத்துல ஒண்ணும் பேசலை," என்றான். "ரெண்டாவது சுத்துல சூடான கல்லு மேல தண்ணியை ஊத்தினாரு. வழக்கம்போல பிர்ச் மர இலைக் கொத்தால என் முதுகுல அடிச்சுக்கிட்டே சொல்றாரு, 'உன்னை எல்லாரும் எடுங்கறாங்க. உன் பொண்டாட்டி மட்டும் நீ பயப்படறேங்கறா. அது பொய்யின்னா கையெழுத்துப் போடு. நிஜம்னா சொல்லிடு, ரீகாப் பையனைக் கூப்பிட்டுக்கறேன்'னாரு."

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"பொய்யின்னு சொல்லு, அவுஷ்ரா. ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்லு. இப்பவே போட்டுடறேன்."

அவன் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஒரு வார்த்தைதான் வேண்டும் அவனுக்கு.

"பொய் இல்ல, நெரியுஸ்."

"எப்பலேருந்து தெரியும்?"

"கிறிஸ்துமஸ்லேருந்து."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

நாற்காலியில் உட்கார்ந்தான். "பந்து கைக்கு வர்றதுக்குள்ள அம்மா முகம் தெரியுது," என்றான். "மூணாவது வரிசையில கண்ணை மூடிக்கிட்டு ஜபம் பண்றாங்க. வளையம் தெரிய மாட்டேங்குது. அம்மாதான் தெரியறாங்க. இன்னொரு வருஷம் இப்படி முடியாது."

"அப்ப வேணாம். திங்கக்கிழமை சொல்லிடலாம். ஏதாவது பண்ணிப் பொழைச்சுக்கலாம்." சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அவன் போனை எடுத்தான்.

"ரெமிகியுஸ், நான்தான். அவ சொன்னது நிஜம். பயம்தான். இருந்தும் நான் ஆடணும். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் காது மட்டும் இன்னும் சிவந்தது. "சரி," என்றான். மறுபடி "சரி" என்றான். போனை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினான்.

"என்னடா சொன்னாரு?"

"முதல் ஆட்டத்துல பக்கத்துல ஆளில்லாம பந்து வந்தா எறிஞ்சே ஆகணுமாம். எத்தனை தப்பினாலும் அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாராம். ஒரே ஒரு தடவை தள்ளிவிட்டாலும் மறுநாள் ஆபீசுல காபியாம்."

கையெழுத்துப் போட்டான். அது கோணிக்கொண்டு போனது. காகிதத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"முதல் ஆட்டம் எங்கே? வெளியூரா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றான். "நம்ம ஊர்லதான்."