நான்காவது வாளி

2004 ஜூலை தொடங்கி, வளைகுடா நகரம் ஒன்றின் கராமா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக் குளியலறைக்குள் இங்கிலாந்திலுள்ள ஓர் ஊர் இருந்தது. சைட்டில் ஃபோர்மேனாக இருந்த கார்மேகம், இடிபட்ட ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் 'பாத்' என்று எழுதிய தகட்டைக் கொண்டுவந்து கதவில் திருகியிருந்தான். மறுநாள் தாழ்ப்பாள் போட்டுத் திரும்பியவர்கள் குழாய்களுக்குப் பின்னால் தேன்நிறக் கல்வீடுகளையும் தூறலையும் ஓர் ஆற்றையும் பார்த்தார்கள். அடுத்த அறை உம்மு ஹானியின் மகள் அஃப்னா அட்லஸைப் புரட்டி, ஆங்கிலத்தில் குளியலுக்கும் அந்த ஊருக்கும் ஒரே பெயர்தான் என்றாள். ரீடிங் என்கிற வாசிப்பு, கார்க் என்கிற தக்கை, டர்க்கி என்கிற வான்கோழி, எதைச் சொன்னாலும் எங்கோ ஓர் ஊரோ நாடோ திரும்பிப் பார்க்குமாம். "பேருக்கு அவ்வளவு பஞ்சமா அவங்களுக்கு," என்ற உம்மு ஹானி, அதன்பின் தக்கை வைத்த பாட்டில் எதையும் சமையலறைக்குள் விடவில்லை.

அந்த ஃப்ளாட்டில் மூன்று குடும்பங்களுக்கு ஒரே குளியலறை. கதவருகே மூன்று வாளிகள் வரிசையில் நிற்கும். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆளுக்குப் பத்து நிமிடம். கார்மேகத்தின் மனைவி வடிவு, ஹாலில் பிளைவுட் மறைப்புக்குள் மூன்று வருடமாகக் குடியிருந்தாள். அவள் தும்மினால் எல்லா அறையிலிருந்தும் என்னவென்று கேட்பார்கள். தனக்குள் ஒரு குரல் இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அந்த ஊர்த் தெருக்களில் நடந்தபோது அது முதலில் தயங்கித் தயங்கிப் பேசியது. பிறகு நிறுத்தவே இல்லை. பத்து நிமிடம் அரைமணியாகி, ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரமானது.

ஜும்மாவுக்குப் போக வேண்டிய உம்மு ஹானியின் கணவன் உஸைர் தோளில் துண்டோடு நின்றான். கார்மேகம் தட்டிப் பார்த்தான். மழைச் சத்தம் மட்டும் வந்தது. இனி வரமாட்டாளோ என்று பயந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"தகட்டைக் கழட்டி, அவ அங்கேயே நின்னுட்டா என்ன செய்வீங்க அண்ணே?" என்றாள் உம்மு ஹானி.

அவன் கை நின்றது. விளக்கை அணைத்துப் போட்டு சைகை காட்டலாம் என்று வெளியே இருந்த சுவிட்சைத் தட்டினான். பதற்றத்தில் தட்டியது ஹீட்டர் சுவிட்சை. வெயில் காலத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும் என்பதால், மே மாதமே ஹீட்டரை அணைத்து, அதில் தேங்கி ஆறும் தண்ணீரில்தான் எல்லோரும் குளிப்பார்கள். வீட்டில் இருந்த ஒரே குளிர்ந்த தண்ணீர் அது.

சற்று நேரத்தில் செருப்புச் சத்தம் ஓடிவந்தது. கதவு திறந்தது. ஈரத் தலையோடு, தோளில் ஒட்டிய ஓர் இலையோடு வடிவு நின்றாள்.

"மழை சுடுது. யாருங்க ஜூலையில ஹீட்டரைப் போட்டது?"

உஸைர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

அங்கே என்னதான் செய்கிறாய் என்று கார்மேகம் மெதுவாகக் கேட்டான்.

"சும்மா நடப்பேங்க. நான் நினைக்கிறது எனக்குக் கேக்குது."

அவன் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் ஒரு பச்சை வாளி வாங்கிவந்து, வரிசையில் நான்காவதாக வைத்தான்.

2009இல் கட்டடம் காலியாகும்வரை, புதிதாகக் குடிவருபவர்களிடம் வாடகையையும் குப்பை போடும் இடத்தையும் சொன்ன கையோடு இதையும் சொல்வார்கள்: மே முதல் செப்டம்பர்வரை ஹீட்டரைத் தொடக் கூடாது, பச்சை வாளியின் முறை வந்தால் ஒரு மணி நேரம் கதவைத் தட்டக் கூடாது, வடிவு ஊருக்குப் போயிருப்பாள்.