மோதெகி விற்ற கம்பெனி வண்டி

மோதெகியை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அகாகி மலைப்பாதையில் வண்டி விரட்டுகிற எங்கள் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். கம்பெனி கொடுத்தபடியே காரை ஓட்டுகிறவனைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

"கம்பெனி ஃபிட்டிங்ல ஓட்டுறதும் ஒண்ணுதான், மாமியார் வாங்கிக் குடுத்த ஜட்டியப் போட்டுக்கிறதும் ஒண்ணுதான்" என்பான். நாங்கள் சிரித்துக்கொண்டே சீட், ஸ்டியரிங், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றி அவன் ஷெட்டில் போடுவோம். "குப்பைதானே, நான் தள்ளிடுறேன்" என்பான். எல்லோருடையதும் ஒரே மாடல் வண்டி என்பதால், ஒரே ஒரு பழைய சைலன்சரை மட்டும் பொதுவில் வைத்திருந்தோம். எஃப்.சி. வரும்போது ஆள் மாற்றி ஆள் அதை மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, மறுநாளே கழற்றிவிடுவோம். பெரிய வீரர்கள்!

இந்த மாதம் என் முறை. அந்தச் சைலன்சர் இல்லாவிட்டால் எஃப்.சி. கிடைக்காது, வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. கம்பெனியும் அதைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. மோதெகிக்குப் பிடித்த யாகிமன்ஜூ பலகாரம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன்.

ஷெட் வாசலில் அவன் வண்டி நின்றது. முதுகில் இருந்த பெரிய இறக்கையைக் காணோம், அகலச் சக்கரங்களையும் காணோம். அசல் கம்பெனி வண்டி. பழைய கார்களை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றும் யோகோஹாமா தரகர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அலமாரியில், நாங்கள் குப்பை என்று போட்ட சாமான்களில் மிச்சமிருந்தவை துணி சுற்றி அடுக்கியிருந்தன. எங்கள் சைலன்சரும் அங்கேதான் இருந்தது.

"என்னண்ணே இது?"

"இப்ப கம்பெனி வண்டிக்குத்தான்டா மவுசு" என்று காதோடு சொன்னான் மோதெகி. கூச்சநாச்சம் துளியும் இல்லை.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். முன் சீட்டின் முதுகில் மார்க்கர் கிறுக்கல்: கோஹாரு. என் மகள் எழுதப் பழகிய புதிதில் பின்னால் உட்கார்ந்து எழுதியது. கடைசி எழுத்தைத் திருப்பிப் போட்டிருந்தாள். அந்தச் சீட்டையும் குப்பை என்று நானேதான் தூக்கிப் போட்டிருந்தேன்.

"யாருங்க இந்தக் கோஹாரு?" என்றார் தரகர்.

"எம்பொண்ணுங்க" என்றான் மோதெகி. அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

தரகர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இவரு கூட்டாளிதானே? இது கைபடாத வண்டிதானுங்களே?"

மோதெகி அலமாரியிலிருந்த சைலன்சரைக் கண்ணால் காட்டினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது எனக்கு. வாயைத் திறந்தேன்.

"கோஹாரு எம்பொண்ணு சார். அந்தச் சீட்டு என்னோடது. மத்ததெல்லாம் ஊரான் வண்டியில கழட்டுனது."

மோதெகியின் முகம் செத்துப்போனது. தரகர் மட்டும் அசரவில்லை.

"சாமான் எல்லாம் கம்பெனிதானே?"

"கம்பெனிதான். ஆனா..."

"அப்ப சரி. யார் வண்டியில இருந்தா என்னங்க? அந்தக் கிறுக்கலை மட்டும் அழிச்சுடச் சொல்லுங்க."

தூ! இந்தத் தரகனுக்கு மோதெகியே தேவலை.

மோதெகி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நான் அலமாரியைப் பார்த்தேன். "சைலன்சரா? ஆல்ட்டர் பண்ணுன வண்டிக்கு எதுக்குடா கம்பெனி சாமான்?" என்றான். என் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். துணியில் தின்னரை ஊற்றி, மென்றுகொண்டே சீட்டைத் துடைத்தான். திருப்பிப் போட்ட அந்தக் கடைசி எழுத்து மட்டும் லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தான்.

"இப்பதான்டா கம்பெனியில இருந்து வந்த மாதிரி இருக்கு" என்றான்.