அடி இறங்கினது நிஜந்தான்

காசியம்மாளுக்கு அடி இறங்கி, அதாவது கர்ப்பப்பை சரிந்து, மூன்று வருஷமாகிறது. களை வெட்டக் குந்தினால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கீழே ஏதோ வந்து இடிக்கும். படுத்தால் போய்விடும். இரண்டு டாக்டர்கள் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அவள் புருஷன் பச்சமுத்து, "வேலைக்கு டிமிக்கி குடுக்கறா" என்று வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தான். வலியைப் பொறுத்துக்கொண்டாள். அந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

வடக்கனந்தலில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு மூன்றாவது டாக்டரிடம் வந்ததே, இவரும் இல்லையென்றால் இனி வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான். பச்சமுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் ஜெயசுதா முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். பிறகு படுக்க வைத்து, கருவியை வைத்துப் பார்த்தபடி, "இருமுங்க" என்றார். இருமினாள். "நல்லா முக்குங்க." முக்கினாள். டாக்டரின் புருவம் சுருங்கியது. காசியம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். இந்தம்மாவும் மாத்திரைச் சீட்டைத்தான் எடுக்கப் போகிறார்.

"பாத்ரூம்ல இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கழுவி, கையால உள்ள தள்ளி வுட்டுட்டு வந்தம்மா. அசிங்கத்த உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிங்க காட்டறது?"

"போன ரெண்டு டாக்டருகிட்டயும்?"

"அப்பவும் அப்படித்தாங்க."

பாருங்கள் கூத்தை! மூன்று வருஷமாக நோயைக் கழுவி ஒளித்து வைத்துவிட்டு, கண்டுபிடிக்கவில்லையே என்று அழுதிருக்கிறாள் பைத்தியக்காரி. ஆனால் மானத்துக்குப் பயந்த எந்தப் பொம்பளை வேறு மாதிரி செய்திருப்பாள்? கேட்காமல் விட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

ஜெயசுதா சிரிக்கவில்லை. "எறங்கிக் கொஞ்ச நேரம் நடங்க. அப்புறம் களை வெட்டறப்ப குந்துவீங்க இல்ல, அந்த மாதிரி குந்துங்க."

நடந்தாள். புடவையைச் சுருட்டிக்கொண்டு குந்தினாள். டாக்டர், வெள்ளைக் கோட்டு தரையில் புரள, அவளுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். காசியம்மாள் முன்னால் இதுவரை யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"இப்ப இருமுங்க."

வந்துவிட்டது. டாக்டர் கோடு போட்ட குச்சியை வைத்து அளந்தார்.

"இருக்குதும்மா. கர்ப்பப்பை எறங்கி, வாசலத் தாண்டி ரெண்டு சென்டிமீட்டர் வெளிய வந்திருக்குது. மொதல்ல உள்ள ஒரு வளையம் வச்சித் தாங்கிப் பாப்போம். ஆபரேஷன் பத்தி அப்புறம் பேசலாம்."

நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி சந்தோஷத்தில் அழுவாளா? இவள் அழுதாள். குந்தியபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் எழுந்திருக்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பச்சமுத்து எழுந்தான். "இன்னா சொன்னாங்க? ஒன்னுமில்லதான?"

"இருக்குதாம். அளந்து பாத்தாங்க."

அவன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "போன வாரங்கூட கரும்புக்கட்டத் தூக்கி உன் தலையில வச்சனே" என்றான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஆமா, வச்ச" என்றாள் காசியம்மாள். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.