அங்கம்மாவின் குளிர்

ஜொகூரில் லாபிஸ் ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்த ரப்பர் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டு, ஒரு காசித்தும்பைச் செடிக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ஆட்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் நேரத்தில், காற்றே இல்லாதபோது அது இலையெல்லாம் வெடவெடக்க நடுங்கும். பிறகு கொதிக்கும். பிறகு வியர்த்து அடங்கும். பக்கத்தில் நின்ற கத்தரிச் செடிக்கு ஒன்றுமில்லை. தோட்டத்து மருந்தறை டிரசர் சதாசிவம் வந்து தண்டைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல்தான் என்றார். அந்த வாரம் வெங்காயமும் விலை ஏறியிருந்தது.

செடி, பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் அய்யாவு என்பவனுடையது. லயத்துக் கொல்லையில் மற்றவர்கள் மிளகாய் போட்டார்கள். அவன் காசித்தும்பை போட்டான். சிவப்பு, வெள்ளை, அடுக்கு, புள்ளி என்று சுற்றுவட்டாரத்தில் கிடைத்த அத்தனையும் அவனிடம் இருந்தன. ஜவுளி மூட்டை சுமந்து வரும் சுப்ஹான் ஒருமுறை காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டி, "அண்ணே, இது பனிமலைச் சரக்கு. நீலமா பூக்குமாம். கப்பல்ல வந்த ஒருத்தர் குடுத்தாரு," என்றான். அன்றிலிருந்து அய்யாவுக்கு நீலத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. ஆனால் விதை முளைக்கவில்லை. பனி பட்டால்தான் கண் திறக்கும் என்றான் சுப்ஹான். ஜொகூரில் பனிக்கு எங்கே போவது? கிணற்றடியில் வைத்தான், ஈரத்துணியில் முடிந்தான், லாபிஸில் சீனர் கடையில் ஐஸ்கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றி நடந்தே வந்தான். தோட்டத்துக்குள் நுழையும்போது தோளில் நனைந்த சாக்கு மட்டும் இருந்தது.

அந்த வருஷம் அவன் பெண்டாட்டி அங்கம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொயினா மருந்துக்கும் கேட்கவில்லை. அவள் நடுங்கும்போது கூரைத் தகரத்தின் ஆணிகள் கழன்றன. தலைமாட்டிலிருந்த குவளைத் தண்ணீர் பாலைப்போல ஆடை கட்டியது, தட்டினால் உடைந்தது. அடுத்த வீட்டுக் கருப்பாயி இருக்கிற கம்பளியெல்லாம் போர்த்தி, அதன்மேல் தானும் ஏறிப் படுத்துக்கொள்வாள். அய்யாவு பொல்லாதவன் இல்லை. பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனால் அந்தக் கை அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. எழுந்துபோய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, மிச்சமிருந்த விதைகளை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"நான் சாகக் கெடக்கேன், ஒங்களுக்குப் பூ கேக்குதா?" என்றாள் அவள், பல் கிட்டியபடி. ஆனால் விரலைத் திறக்கவில்லை. சாயங்காலம் விரலிடுக்கில் வெள்ளையாக ஒரு முளை தலைநீட்டியது.

அதைக் கொல்லையில் நட்டான். அடுத்த முறை நாளில் அங்கம்மா கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குளிர் வரவில்லை. கொல்லையில் நாற்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய்க் கஞ்சி ஊற்றிக் குடித்துவிட்டு, கருவாடு இல்லையா என்று கேட்டாள்.

அய்யாவுவின் சந்தோஷத்தைக் கெடுத்தவள் கருப்பாயி. "தும்பை ஒரு பூப்புத்தானே அண்ணே. காய் வெடிச்சதும் செத்துப்போவும். அப்பறம் அந்தக் குளிரு எங்க போவும், மாரியம்மன் கோயிலுக்கா?"

அத்துடன் அவன் தூக்கம் போயிற்று. மொட்டு வைத்தால் கிள்ளினான். மரம் வெட்டுகிற இடத்திலிருந்து பாதியில் ஓடிவந்து கிள்ளினான். கங்காணி ஏசியது காதில் ஏறவில்லை. இலைக்கு அடியில் ஒளிந்த ஒரு கொத்து மட்டும் அவனை ஏமாற்றிப் பூத்தது. மண்ணெண்ணெய் அடுப்புச் சுடரின் அடிப்பக்கம்போல அப்படியொரு நீலம். கிட்டே போன விரல் நின்றுவிட்டது. அவன் கிள்ளவில்லை. அதை யாரிடமும் சொல்லவுமில்லை. அங்கம்மா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய் பிடித்தது. வெடித்தால் அவள் உயிருக்கு ஆபத்து என்று, ஒவ்வொரு காயையும் பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டினான். காற்றுப் போகாமல் காய்கள் பூசணம் பிடித்தன. அவிழ்த்துப் பார்த்தபோது ஒன்றுதான் தேறியது. அதற்குள் தண்டு மஞ்சளாகிவிட்டது. முறை நாளில் செடி பாதி நடுக்கம்தான் நடுங்கியது. மிச்சப் பாதி அங்கம்மாவின் விரல்நுனிகளில் வந்து நின்றது. அய்யாவு மழைக்குக் குடை பிடித்தான், கோழிக்குக் கல் எறிந்தான், தும்மல் வந்தால் தூரமாக ஓடிப்போய்த் தும்மினான்.

"தள்ளுங்க," என்றாள் அங்கம்மா ஒருநாள். "காச்சல்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்துச்சு. நீங்க தெனமும் படுத்துறீங்க."

காயை உள்ளங்கைக்குள் பொத்தி அழுத்தினாள். அது கைக்குள்ளேயே வெடித்தது. செடி நின்ற வாக்கில் சாய்ந்தது. குளிர் மொத்தமும் திரும்பி வந்தது, இத்தனை மாதத்துப் பாக்கியோடு. தகரம் அலறியது. கருப்பாயி ஏறிப் படுத்தும் கட்டில் நகர்ந்தது. அங்கம்மாவின் கையைத் திறந்து பார்க்கவா என்று கருப்பாயி கேட்டபோது, வேண்டாம் என்றான் அய்யாவு. அவன் அங்கம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிறம் அவனுக்குப் பிடிக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அவளுக்கு வியர்த்தது. தண்ணீர் கேட்டாள். குடித்த பிறகுதான் கையை விரித்தாள். உள்ளே ஏழெட்டு முளை. அவற்றைக் கொல்லையில் நட்டதும் குளிர் மறுபடி செடிகளுக்குப் போயிற்று.

அதன்பின் வருஷத்துக்கு ஒருநாள் குளிரில் படுப்பது அங்கம்மாவுக்கு வழக்கமாயிற்று. காய் முற்றும் சமயம் பார்த்து முந்தினநாளே துணி துவைத்து, மாவு அரைத்து வைத்துவிடுவாள். ரப்பர் விலை விழுந்து லயத்தில் பாதிப்பேரை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிய வருஷமும் அது தவறவில்லை. காய்ச்சல் கண்ட மற்றவர்களுக்கும் விதை போனது; அவரவர் கையில் அவரவர் முளை. சதாசிவம் மிஞ்சிப்போன கொயினாவைச் செடிகளுக்கு ஊற்றிப் பார்த்தார். பூ வெளுத்ததால் நிறுத்திக்கொண்டார். காய்ச்சலே வராதவர்களுக்கும் நீலப்பூ ஆசை வந்தது. அவர்கள் விதையை முடிந்துகொண்டு அங்கம்மாவிடம் வந்தார்கள்.

"மதினி, நாளைக்குத்தானே குளிரு? எங்களதையும் சேத்து வச்சுக்க லா."

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு," என்று ஏசிக்கொண்டே வாங்கி, அங்கம்மா கால்விரல் இடுக்குகளையும் பங்கு பிரித்துக் கொடுத்தாள்.