இரண்டு பெட்டிகளுக்கு ஒரு எர்த்

அண்ணனுக்கும் தம்பிக்கும் பட்டறை ஒன்றுதான். நடுவில் ஒரு அலமாரி. அலமாரிக்கு இந்தப் பக்கம் தம்பி பவர் சப்ளை செய்வான். அந்தப் பக்கம் அண்ணன் வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்வார். இரண்டும் தனித்தனி இரும்புப் பெட்டிகள், சுவரில் தனித்தனி பிளக். ஒரு தடித்த கேபிள் இரண்டையும் சேர்த்தால்தான் பாட்டு வரும்.

பேச்சு நின்று மாதக்கணக்காகிவிட்டது. அண்ணனின் பழைய சப்ளையை ஒதுக்கிவிட்டு, சுவர் மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் நானூறு வோல்ட்டை அசையாமல் பிடித்து நிற்கும் ரெகுலேட்டர் ஒன்றைத் தம்பி செய்தான். "கரண்ட்டக் கட்டிப்போட்டா பாட்டு எப்படி மூச்சு விடும்?" என்றார் அண்ணன். "மூச்சு வேற, இரைச்சல் வேற" என்றான் இவன். அன்றிலிருந்து அண்ணிதான் தூது.

இப்போது ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து, இரண்டு பெட்டிகளும் சேர்ந்த செட் திரும்பி வந்திருந்தது. ஸ்பீக்கரில் ஓயாத ம்ம்ம். மத்தியானம் சவுண்ட் இன்ஜினியர் நேரில் வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார்.

அண்ணி அலமாரியோரம் வந்து நின்றாள். "தம்பி, இன்னைக்கும் இரைச்சல் போகலன்னா பட்டறையப் பிரிச்சுக்கலாம்னு உங்க அண்ணன் சொல்றாரு. அவரு பழைய சப்ளையில போட்டா சத்தமே இல்லையாம்."

"எனக்கும் இல்ல அண்ணி. ஆம்ப்ளிஃபயருக்குப் பதிலா ரெசிஸ்டர் மாட்டிப் பாத்துட்டேன். ஸ்கோப்புத் திரையில கோடு நேரா நிக்குது, இரைச்சலே இல்ல."

"ரெண்டு பேரும் யோக்கியம். அப்ப இரைச்சல் என்கிட்ட இருந்தா வருது?"

அவள் போன பிறகு அவன் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தனியாக இருந்தால் இரண்டும் ஊமை, சேர்த்தால்தான் முனகல். அப்படியானால் கோளாறு பெட்டிக்குள் இல்லை, சேர்கிற இடத்தில். சர்க்யூட்டில் கரண்ட் திரும்பி வரும் ஜீரோ கம்பியை அவன் தன் இரும்புப் பெட்டியோடு ஸ்க்ரூவால் முறுக்கியிருந்தான். அண்ணனும் தன் பெட்டியில் அதையே செய்திருப்பார். இருவரையும் ஒரே மாதிரி வளர்த்த வீடு. கேபிள் வழியாக ஒரு பாதை, சுவர் எர்த் வழியாக இன்னொரு பாதை. அந்த வளையத்தில்தான் இரைச்சல் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு முறுக்கில் ஒன்று போக வேண்டும்.

கேட்டிருக்கலாம். அண்ணனிடம் கேட்டால் பாதித் தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கேட்காமலே செய்துவிடலாம் என்று தோன்றியது. சுவிட்சை அணைத்து, கண்டன்சரில் தங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியே பாயாதிருக்க இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். ஒற்றைக் கையால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றினான். பெட்டிக்கான பாதுகாப்பு எர்த்தை மட்டும் தொடவில்லை. அந்தப் பக்கமும் ஒரு ஸ்க்ரூடிரைவர் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

இன்ஜினியர் வந்தார். கேபிளைச் சேர்த்தார்கள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஸ்பீக்கர் வண்டுக்கூட்டைக் கலைத்தாற்போல் அலறியது.

"முன்னாடி முனகுச்சு, இப்ப திட்டுது" என்றார் இன்ஜினியர்.

அண்ணன் தன் பெட்டியைப் பார்த்தார். தம்பி அண்ணனின் கையைப் பார்த்தான். விரலிடுக்கில் ஒரு ஸ்க்ரூ இருந்தது.

"அண்ணே... நீங்களும் கழட்டிட்டீங்களா? அப்ப ஜீரோவுக்கு எங்கயுமே எர்த் இல்ல."

அண்ணன் ஸ்க்ரூவை உள்ளங்கையில் உருட்டினார். "நீ கழட்டுவன்னு யாருடா கண்டா? உனக்கு வணங்காத கழுத்தாச்சே."

"உங்களுக்கு மட்டும் வணங்குமா?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "விட்டுக்கொடுக்கறதையும் சொல்லிட்டுச் செய்யணும் போல."

"சரி, உன் பெட்டியில மாட்டு" என்றார் அண்ணன்.

"வேணாம். எர்த் முறுக்கு பாட்டு நுழையற இடத்துல இருக்கறதுதான் முறை. உங்க பெட்டியிலயே இருக்கட்டும்."

"முறைன்னு தெரிஞ்சவன் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"நீங்க கேட்டிருக்கலாம்."

அண்ணன் இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஸ்க்ரூவை முறுக்கினார். மறுபடி சுவிட்ச். வால்வுகள் சிவந்தன. இன்ஜினியர் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, நிமிர்ந்து, "ஆன் பண்ணிட்டீங்களா?" என்றார்.

தம்பி சிவந்த வால்வுகளைக் காட்டினான். இன்ஜினியர் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டார். முடியும்வரை நகரவில்லை. பிறகு செட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணி அவரை வழியனுப்பப் போனாள். பட்டறையில் இருவர் மட்டும் நின்றார்கள். தம்பி மேசையில் கிடந்த வேறொரு கேபிளைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான்.

"அடுத்த செட்டுக்கு எத்தன வோல்ட்டுண்ணே வேணும்?"

அண்ணன் அலமாரிக்கு இந்தப் பக்கம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன். நீயும் உட்காரு."