ரத்தத்தில் வருவதும் வராததும்

சமூகப் பணி ஆய்வாளர்களுக்கு மரபணுப் பாடம் எடுக்க முடியுமா என்று எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். அவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எதைக் கேட்டாலும் "அது சூழ்நிலையைப் பொறுத்தது" என்று வழுக்கிக்கொண்டு போகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். எங்களைப் பற்றி அவர்களும் ஒன்றும் உயர்வாக நினைத்துவிடவில்லை. மனுஷனையும் எலியையும் ஒரே தராசில் போடுகிறவர்கள் நீங்கள் என்று முதல் நாளே ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்படிச் சொன்னதாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். குடி, மனச்சோர்வு, வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்ட குழந்தைகள் என்று காலமெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பழகியவர்கள். இனிமேல் அதே வீடுகளில் எச்சிலும் வாங்கிவர வேண்டும், அதிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்க்க வேண்டும், வாழ்க்கையையும் பிறவியையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. நுரை வராமல் குழாயில் துப்ப வைப்பது எப்படி, துப்புவதற்கு முன் அரை மணி நேரம் ஏன் எதுவும் சாப்பிடக்கூடாது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் எனக்கு எச்சில் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் காதுபடவே கூப்பிட்டார்கள். நானும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் நானும் சும்மா இருக்கவில்லை. அவர்களில் ஒருவருக்கு மனசுக்குள் தலையாட்டி என்று பெயர் வைத்திருந்தேன்.

தலையாட்டிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குழந்தைகள் நலத்துறையில் வருடக்கணக்கில் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு ஆய்வுக்கு வந்தவர். யார் பேசினாலும் கண்ணைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். இது என்ன பழக்கம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரி என்பதல்ல அதற்கு அர்த்தம், கேட்டுக்கொண்டிருக்கிறேன், பயப்படாமல் மேலே சொல்லுங்கள் என்பதுதான் என்றார். எதிரில் இருப்பவரின் பேச்சை வெட்டக்கூடாது, தீர்ப்புச் சொல்லக்கூடாது, முகத்தில் அதிர்ச்சி தெரியக்கூடாது. அவர்கள் தொழிலில் அதுதான் அரிச்சுவடியாம். சொல்லப்போனால், ஒரு மதியம் என் முழங்கால் வலியைப் பற்றி நான் புலம்பித் தீர்த்தபோதும் அவர் அப்படித்தான் தலையாட்டினார். வலி குறையவில்லை. ஆனாலும் எழுந்து போகும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது.

பயிற்சியின் இரண்டாவது மாதம் நிஜ மனிதர்களைப் பார்க்க அனுப்பினோம். தலையாட்டியின் பங்குக்கு வந்தவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்ப்பவர். லென்ஸை மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. ஆய்வில் பங்கேற்பவர்களுக்கு எண்தான் உண்டு, பெயர் சொல்லிப் பேசக்கூடாது. எண்ணைச் சொல்லிப் பேச எங்களுக்கும் வாய் வராது. அதனால் கண்ணாடிக்காரம்மா என்றே எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

கண்ணாடிக்காரம்மாவின் கதை இதுதான். அப்பா குடித்துக் குடித்தே செத்தவர். இவரும் கல்யாணம் முறிந்த பிறகு குடியில் விழுந்தார். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் மகள் இருட்டும்வரை காத்திருக்க, இவர் வீட்டில் நினைவில்லாமல் கிடந்தார். நீதிமன்றம் குழந்தையை இவருடைய அண்ணன் வீட்டில் விட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. இரண்டு வருடமாகிவிட்டது. மகளைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டிருந்தார். வழக்கு இவர் பக்கம் சாய்ந்துவிட்டது, கடைசி விசாரணை ஒன்றுதான் பாக்கி என்று வக்கீலே நம்பிக்கையாகச் சொல்லியிருந்தார்.

அந்த விசாரணைக்கு முந்தின நாள் காலையில் தலையாட்டி என் அறைக்குள் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணாடிக்காரம்மா போனில் கூப்பிட்டாராம். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக வக்கீலிடம் சொல்லிவிட்டாராம். குழந்தை அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும், உண்மையைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி அக்கா என்று வைத்துவிட்டாராம்.

"நான் என்ன உண்மையைச் சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றார் தலையாட்டி.

எல்லாப் பேட்டிகளையும் நாங்கள் படம் பிடித்து வைப்போம். அதைப் போட்டுப் பார்த்தோம். எச்சில் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரம்மா பேசிக்கொண்டிருந்தார். எங்கப்பாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது, இனி என் பொண்ணுக்கும் வரும், ரத்தத்துலயே ஓடுது, அதைத்தானே இதுல பார்க்கப்போறீங்க என்று கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்தினார். தலையாட்டி கண்ணைப் பார்த்தார். மெல்ல, அன்போடு, இரண்டு முறை தலையை ஆட்டினார்.

 பக்கத்தில் இருந்த தலையாட்டியைத் திரும்பிப் பார்க்கவே என்னால் முடியவில்லை. அவ்வளவு நல்ல முகம் அது, அவ்வளவு கனிவான தலையாட்டல். எச்சில் வாங்கப் போகாத காலத்தில் அந்தத் தலையாட்டலால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. கையில் குழாயோடு போனதும் அது ஆராய்ச்சிக்கூடத்தின் பதிலாக ஆகிவிட்டது. இதை நான்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நுரையைப் பற்றி ஒரு வாரம் பேசினேனே, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

இயக்குநரிடம் போனோம். ஆய்வில் பங்கேற்பவரின் வீட்டு முடிவில் நாம் தலையிடக்கூடாது, அப்படிப் போனால் அவருடைய தகவல் எதையும் பிறகு பயன்படுத்த முடியாது என்றார் அவர். விதிப்படி அவர் சொன்னது சரி. அப்படியானால் அந்த எண்ணை இப்போதே அடித்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தலையாட்டி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

கண்ணாடிக் கடைக்கு மேலேயே கண்ணாடிக்காரம்மாவின் வீடு. ஒரே அறை, ஓரமாகச் சமையல் மேடை. ஜன்னல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டில் புதிதாக வாங்கிப் போட்டிருந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வான், கேட்டுப் பார்த்துவிட்டேன் என்றார் கண்ணாடிக்காரம்மா, நாங்கள் கேட்காமலேயே. விரல் நுனியெல்லாம் லென்ஸ் தேய்த்த வெள்ளைப் பொடி. என்னை டாக்டர் என்று கூப்பிட்டார். எனக்கே தலைவலி வந்தால் நான் வேறு டாக்டரைத்தான் தேடிப் போக வேண்டும் என்று சொன்னேன். லேசாகச் சிரித்தார்.

தலையாட்டி நாற்காலியின் விளிம்பில் தலையை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, கழுத்துல சுளுக்கா?" என்று கண்ணாடிக்காரம்மா கேட்டார்.

தலையாட்டி உடைந்துபோனார். அன்றைக்குத் தான் தலையாட்டியது ஆமாம் என்பதற்கல்ல, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். கண்ணாடிக்காரம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, அப்படின்னா இல்லைன்னு நீங்க சொல்லுங்க என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கீழே இறங்கியிருக்கலாம். ஆனால் அது பொய். குடிக்கு ஆளாவதில் பிறவிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எதையும் விடாமல் சொன்னேன். ஒரு மரபணு வந்து குடியைக் கொண்டுவந்து இறக்கிவிடுவதில்லை, சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாம் சேர்ந்து கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான் என்றேன். பாதிக்குப் பாதி பிறவிதான் என்று எங்கேயாவது படித்தால் அது பெரிய கூட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு, அதை வைத்து உங்கள் ஒரு குழந்தையைப் பற்றி யாரும் சொல்ல முடியாது என்றேன். இதை வகுப்பில் சொன்னால் எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். கண்ணாடிக்காரம்மாவோ பிளாஸ்டிக் உறையை நீவிக்கொண்டே, கொஞ்சம் இருக்குல்ல, அது போதும் என்றார்.

எனக்கு உடனே அடுத்த யோசனை வந்தது. வந்ததும் ரொம்பப் பெருமையாக இருந்தது. உங்கள் அண்ணனும் அதே அப்பாவுக்குப் பிறந்தவர்தானே, அதே ரத்தம்தானே, ரத்தத்துக்குப் பயந்து மகளை அங்கே விட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அவர் குடிக்கவில்லையே, பார்த்தீர்களா என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அவன் குடிக்க மாட்டான். அவனை ஆறு வயசுலயே எங்க அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரம்மா. "நான்தான் அப்பாகூடவே கிடந்தேன். வெளிய போனவன் தப்பிச்சான். அதனாலதான் சொல்றேன், எம்பொண்ணும் வெளியவே இருக்கட்டும்."

 நான் கொண்டுவந்த வாதத்தை வைத்தே அவர் என்னை மடக்கிவிட்டார். ரத்தம் என்றாலும் குழந்தையை அனுப்பிவிட வேண்டும், வளர்ப்பு என்றாலும் அனுப்பிவிட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கட்டில் கடைக்குத்தான் திரும்பிப் போகும். நான் தலையாட்டியைப் பார்த்தேன்.

 அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்க அண்ணனை எப்படிப்பட்ட வீட்டிலிருந்து அனுப்பினாங்க என்று கேட்டார். கேட்டது சின்னக் கேள்வி. கண்ணாடிக்காரம்மா சொல்ல ஆரம்பித்தார். ராத்திரி கதவு தட்டுகிற சத்தம், அம்மா விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் இருக்கச் சொல்வது, காலையில் அப்பா ஒன்றுமே நடக்காத மாதிரி சவரம் செய்துகொள்வது. தலையாட்டி ஒருமுறைகூடத் தலையை ஆட்டவில்லை. ஆட்டாமலேயே முழுசாகக் கேட்டார்.

"அப்பா எப்பவாவது நிறுத்தினாரா?" என்றார் பிறகு.

"அவரா?" கண்ணாடிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில படுத்துட்டே கேட்டாரு."

"அப்போ அண்ணன் தப்பிச்சு வந்தது குடிக்கிற வீட்ல இருந்து. உங்க பொண்ணு வரப்போறது நிறுத்தின வீட்டுக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. நிறுத்தின அப்பா உங்களுக்கும் கிடைக்கல, உங்க அண்ணனுக்கும் கிடைக்கல. உங்க பொண்ணுக்கு நிறுத்தின அம்மா கிடைச்சிருக்கு."

 கீழே கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கே நான் மறுபடி குடித்துவிட்டால் என்று கண்ணாடிக்காரம்மா மெல்லக் கேட்டார். தலையாட்டி சமாதானம் சொல்லவில்லை. அப்படி நடக்கலாம், நடந்தால் அன்றைக்கு உங்கள் அண்ணன் வீடு அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் ஓடிப்போகாது என்றார். அதைக் கேட்டுத்தான் கண்ணாடிக்காரம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

பிறகு அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நிறுத்துறது? அதுவும் ரத்தத்துல வருமா, டாக்டர்?"

இந்தத் தொழிலுக்கு வந்து பாதி ஆயுசு போய்விட்டது. குடி வருமா, சர்க்கரை வருமா, புத்தி பேதலிப்பது வருமா என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் கெட்டதைத்தான் கேட்பார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. என் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தெரியாததைத் தெரியும் என்று அவரிடம் சொல்லக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

"கொஞ்சம் வரலாம். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது" என்றேன். "மிச்சத்தைப் பக்கத்துல இருந்து பார்த்துத்தான் கத்துக்கணும்."

அவர் தலையைக் குனிந்து விரல்களைப் புடவையில் துடைத்தார். துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். வக்கீல் முதலில் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுத்ததும் அந்தப் பக்கம் கத்துவது எங்களுக்கே கேட்டது. நேற்று ஒன்று இன்று ஒன்று என்று விளையாடுகிறீர்களா, இதற்கெல்லாம் நீதிபதி என்ன நினைப்பார் என்று பிடிபிடியென்று பிடித்தார். கண்ணாடிக்காரம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வக்கீல் மூச்சு வாங்க நிறுத்தியபோது, நிதானமாகச் சொன்னார்.

"நாளைக்கு நான் வர்றேன், சார். ஜட்ஜ் கேட்டா நானே சொல்லிக்கிறேன். எம்பொண்ணு என்னைப் பார்த்துத்தான் வளரணும்."